இலாரியே மகளுக்கு வைத்த பெயர்

குருத்தோலை ஞாயிறு காலையில் பிரண்டுஷா தன் கணவனோடு பேசவில்லை. அவளைப் போலப் பூவின் பெயர் வைத்துக்கொண்ட பெண்கள் எல்லாருக்கும் அன்றுதான் பெயர் நாள், பிறந்தநாள் மாதிரி வாழ்த்துச் சொல்லிக் கொண்டாடுகிற நாள். பக்கத்து வீட்டு வியோரிகாவுக்கு அவள் புருஷன் விடிந்ததும் விடியாததுமாகக் கதவில் வில்லோ மரக் கிளை கட்டி, கன்னத்தில் முத்தமும் கொடுத்துவிட்டான். பிரண்டுஷாவின் புருஷன் கவ்ரிலாவோ, அவள் கோட்டை மாட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பும்போது, "வர்றப்போ டார்ச்சுக்கு பேட்டரி வாங்கிட்டு வா" என்றான்.

"இன்னைக்கு என்ன நாள்?"

"ஞாயித்துக்கிழமை. ஏன், கடை தொறந்திருக்காதா?"

அவள் கதவை அறைந்து சாத்திய சத்தத்தில் கோழிகள் கலைந்து ஓடின. கவ்ரிலா வருடத்தில் பத்து மாதம் இத்தாலியில் லாரி ஓட்டுகிறவன். ஈஸ்டருக்காக நான்கு நாள் முன்புதான் வந்திருந்தான். ஊரில் தபால் பட்டுவாடா செய்கிற பிரண்டுஷாவுக்கு நூற்றைம்பது வீட்டுக்காரர்களின் பெயர் நாளும் மனப்பாடம். சொந்த வீட்டில் தன் பெயர் நாளை நினைவில் வைத்துக்கொள்ள ஆள் இல்லை என்பதை அவளால் பொறுக்க முடியவில்லை.

கோயில் முடிந்து அம்மா சவேத்தாவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு திரும்பியபோது சமையலறை முழுக்கப் பச்சை வாடை அடித்தது. இதற்கிடையில் கவ்ரிலாவின் அக்கா ரஃபிலா போன் செய்து, "பொண்டாட்டிக்கு வாழ்த்து சொன்னியாடா?" என்று கேட்டிருக்கிறாள். உடனே ஓடையோரச் சரிவுக்கு ஓடியிருக்கிறான். அங்கே வசந்தத்தில் காட்டுப்பூண்டு இலை மண்டிக் கிடக்கும். ஒரு வாளி நிறையப் பறித்து வந்து, வாதுமைக் கொட்டையும் எண்ணெயும் விட்டு, இத்தாலிக்காரர்கள் அரைக்கிற மாதிரி அரைத்து வைத்திருந்தான். ஆற்றுமீனும் பொரித்திருந்தான். அரைக்க அரைக்க ரொட்டியில் தடவி ருசி பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான் என்பது அவன் மீசையைப் பார்த்தாலே தெரிந்தது.

"வாழ்த்துக்கள், என் பூவே!" என்று கையை விரித்தான்.

"ரஃபிலா அக்கா சொல்லித்தானே தெரிஞ்சுது?"

"யாரு சொன்னா என்ன? உக்காரு, சாப்பிடு."

"மீன் போதும். உன் பச்சைத் துவையலை நீயே தின்னு."

வீம்புக்காகத்தான் சொன்னாள். சவேத்தாவுக்கு எழுபத்தைந்து வயது. வயிறு எதையும் தாங்காது. மீனும் கொஞ்சம் சோளமாவுக் களியும் தின்றுவிட்டு அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். கவ்ரிலா கோபித்துக்கொள்கிற ஆளில்லை. ஆளுக்கு ஒரு பங்காக வைத்திருந்ததை எல்லாம் ரொட்டியோடு வழித்துத் தின்றான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வாந்தி ஆரம்பித்தது. பிறகு வயிற்றுப்போக்கு. பிறகு இரண்டும் சேர்ந்து. மீன் கெட்டுப்போயிருக்கும் என்று பிரண்டுஷா உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தாள். அது தொண்டையைத் தாண்டவில்லை. குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்தவனின் உதடு வெளுத்துப் போயிருந்தது.

சத்தம் கேட்டு சவேத்தா எழுந்து வந்தாள். மருமகனைப் பார்த்தாள்.

"நீயும் மீன் தின்ன. நானும் தின்னேன். இவன் மட்டும் என்ன தின்னான்?"

"அந்தப் பச்சைத் துவையல்தான்."

சவேத்தா பின்கட்டுக்குப் போனாள். கவ்ரிலா கிள்ளி எறிந்த இலைக் கழிவு அங்கே வாளியில் கிடந்தது. அதைச் செய்தித்தாளில் கொட்டிப் பரப்பினாள். காட்டுப்பூண்டு இலை ஒவ்வொன்றும் தனித்தனிக் காம்போடு இருக்கும்; கசக்கினால் பூண்டு மணக்கும். அந்தக் குவியலின் நடுவில் காம்பே இல்லாத இலைகள் சில இருந்தன. மூன்று நான்கு ஒன்றையொன்று கட்டிப்பிடித்தபடி ஒரே அடியிலிருந்து வந்தவை. ஒன்றைக் கசக்கி மோந்து பார்த்தாள். புல் வாசனைதான் வந்தது.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடு."

"அம்மா, வாந்தி கொஞ்சம் நிக்கட்டுமே, காலைல..."

"கூப்பிடுடீ இப்பவே!"

அம்மா கத்தி பிரண்டுஷா கேட்டதே இல்லை. போனை எடுத்தாள்.

மாவட்ட ஆஸ்பத்திரியில் இளம் பெண் டாக்டர் ஒருத்தி இருந்தாள். கவ்ரிலாவை உள்ளே தள்ளிக்கொண்டு போன பிறகு படிவத்தை நிரப்பிக்கொண்டே, "என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டாள். சவேத்தா பாலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த இலையை மேசைமேல் வைத்தாள்.

"பிரண்டுஷா."

டாக்டர் படிவத்தைப் பார்த்தாள். "அது அவரோட மனைவி பேரு இல்லையா? இவங்கதானே?"

"இவளைச் சொல்லல. இலையைச் சொல்றேன். பனி உருகறப்ப வருமே, அந்தப் பூ இல்ல. அதே பேருல இன்னொண்ணு, விஷம். இலையுதிர் காலத்துல பூக்கறது. பூ அப்பறம்தான் வரும். இலை இப்பவே வந்துடும். காட்டுப்பூண்டுக்கு நடுவுல நிக்கும்."

டாக்டரின் பேனா நின்றது. இலையைக் கையுறையோடு எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நர்ஸைக் கூப்பிட்டு ஏதோ சொல்லி அனுப்பினாள்.

சவேத்தா விடவில்லை. "கேளுங்க டாக்டர். நாளைக்கு வாந்தி நின்னுடும். அவனுக்கே சரியாப் போயிடுச்சுன்னு தோணும். வீட்டுக்கு அனுப்பிடாதீங்க. ரெண்டாம் நாள் ராத்திரியோ மூணாம் நாளோதான் அது உள்ள போயி வேலையைக் காட்டும். மூச்சு முட்டும். மூத்திரம் நின்னுபோகும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் தின்னிருக்கேன்."

"எப்போ?"

"எண்பத்திமூணுல. அக்டோபர் மாசம்."

"தெரியாமலா?"

சவேத்தாவின் கண் ஒரு நொடி மகள் பக்கம் போய்த் திரும்பியது. டாக்டர் சின்னப் பெண். கருவைக் கலைத்தால் ஜெயில் என்றிருந்த அந்தக் காலத்துக்கு அப்புறம் பிறந்தவள். ஆனாலும் எண்பத்திமூன்று என்ற வருடத்தில் ஒரு பெண்பிள்ளை எதற்காக விஷம் தின்றிருப்பாள் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. அதற்கு மேல் கேட்கவில்லை.

பிரண்டுஷா சுவரோரம் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் பிறந்தது எண்பத்திநான்கு மே மாதக் கடைசியில். விரல் விட்டு எண்ண வேண்டிய அவசியம்கூட இல்லை. அம்மா அதைத் தின்றபோது அவளும் அங்கேதான் இருந்திருக்கிறாள்.

சவேத்தா சொன்ன மாதிரியே நடந்தது. திங்கட்கிழமை கவ்ரிலா எழுந்து உட்கார்ந்து சூப் கேட்டான். வீட்டுக்குப் போகலாம் என்று அடம்பிடித்தான். டாக்டர் விடவில்லை. செவ்வாய் மத்தியானம் அவனுக்கு ரத்த அழுத்தம் விழுந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். குழாயும் ஒயரும் பொருத்தத் தயாராக ஆட்கள் அங்கேயே அவனுக்காகக் காத்திருந்ததால்தான் பிழைத்தான் என்று டாக்டர் பிறகு சொன்னாள்.

அது எதுவும் ரஃபிலாவுக்குப் போதவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நாலு பேர் கேட்க நின்று பேசினாள்.

"வீட்ல மூணு பேரு. தின்னது என் தம்பி மட்டும். அது எப்படி?"

"அக்கா, பறிச்சது அவன். அரைச்சது அவன்."

"நீ ஏன் ஒரு வாய் தின்னல?"

"கோபம்."

"ஓ, கோபமா! பேருக்கேத்த பொண்ணுதான். விஷத்துக்கு வச்ச பேரை உனக்கு வச்சாங்களே, அப்பவே யோசிச்சிருக்கணும்."

"என் பேரு வசந்தத்துல வர்ற பூவோட பேரு" என்றாள் பிரண்டுஷா. சின்ன வயதிலிருந்து யார் கேட்டாலும் சொல்கிற பதில்தான். பனி உருகும்போது முதலில் தலைநீட்டுகிற ஊதாப் பூ. அப்பா இலாரியே மலைமேல் மரம் வெட்டப் போன இடத்தில் பார்த்துவிட்டு வந்து வைத்த பெயர். இரண்டு பூவும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றுக்கொன்று உறவில்லை, பெயர்தான் ஒன்று. இதையெல்லாம் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறாள். அன்றைக்குச் சொல்லும்போது பாதியில் குரல் இறங்கிப்போனது. ரஃபிலா அதைக் கவனித்துவிட்டாள்.

ஊர்ப் போலீஸ்காரர் வந்து வாளியைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார், இரண்டு வரி எழுதிக்கொண்டு போனார். அந்த விஷயம் அதோடு முடிந்தது. அம்மாவும் மகளும் பேசாமல் இருந்தது முடியவில்லை. நாலு நாள் ஒரே வீட்டில் "சாப்பாடு இருக்கு", "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

பெரிய வியாழனன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது சவேத்தா அடுப்பில் ஈஸ்டர் முட்டைக்குச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தாள். பிரண்டுஷா கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"நான் வேண்டாம்னு இருந்தியா?"

சவேத்தா கரண்டியை வைத்தாள். "நீன்னு யாரு கண்டா? வர வேண்டிய மாசம் வரல. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"அதுக்கு விஷமா?"

"மூணு பிள்ளைங்க. கடையில ரொட்டிக்கு வரிசை. உங்கப்பா வாரத்துக்கு ஒரு நாள்தான் மலையிலேர்ந்து இறங்குவாரு. கலைச்சா ஜெயிலு, கலைச்சுவிட்டவளுக்கும் ஜெயிலு. ஊருல மருத்துவச்சியைப் பிடிச்சுட்டுப் போய் ஒரு வருஷம்தான் ஆகியிருந்துது. யாருகிட்ட போவேன்? அது ஆட்டுக்கு ஆகாதுன்னு தெரியும். எனக்குள்ள இருக்கறதுக்கும் ஆகாதுன்னு நெனச்சேன். எனக்கே ஆகாதுன்னு நெனைக்கல. புத்தி அவ்வளவுதான் போச்சு."

"அப்பறம்?"

"அப்பறம் ஆஸ்பத்திரி. கட்டில்ல துடிக்கறேன், டாக்டர் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறான். பக்கத்துல போலீஸ். யாரு சொல்லிக் குடுத்தா, பேரைச் சொல்லு, அப்பறம்தான் ஊசின்னாங்க. வெங்காயம்னு நெனச்சு தின்னுட்டேன்னேன். அதையே சொன்னேன். நூறு தடவை சொல்லியிருப்பேன். நம்பல. ஆனா புள்ள தங்கிடுச்சு. அதனால எழுதி வச்சுட்டு விட்டாங்க. பொறக்கற வரைக்கும் மாசா மாசம் போய்க் காட்டணும். புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ உள்ளன்னு சொல்லி அனுப்பினாங்க."

முட்டைகள் கொதித்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. பிரண்டுஷா போய் அடுப்பைத் தணித்தாள். நிற்க ஒரு வேலை வேண்டியிருந்தது.

"ஏழு மாசம் தூங்கல" என்றாள் சவேத்தா. "கையில்லாம வருமோ, கண்ணில்லாம வருமோன்னு. ஜெயிலுக்கு பயந்தா, உனக்கு பயந்தா, எனக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியல. பொறந்ததும் உன்னைத் துணியிலேர்ந்து பிரிச்சு விரலை எண்ணினேன். ரெண்டாம் தடவை எண்ணினேன். நர்ஸ் சிரிச்சா, எத்தனை இருக்கணும்னு நெனக்கிறேன்னு கேட்டா."

"அந்தப் பேரை ஏன் வச்ச?"

"நான் வைக்கல! உங்கப்பா வச்சாரு. நான் படுத்துக் கெடந்தேன். ஊராட்சி ஆபீசுக்குப் போய் எழுதிட்டு வந்து, கட்டில்ல உக்காந்து, 'பிரண்டுஷான்னு எழுதிட்டேன்'னாரு. தொப்பி நிறைய பூ. மலை உச்சியில அப்பவும் பனி இருந்துதாம், கீழ முடிஞ்சு போன பூ அங்க அப்பத்தான் வந்துதாம்."

"நீ வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே."

"ஏன் வேண்டாம்னு கேப்பாரே. என்னன்னு சொல்றது? அவருகிட்டயும் வெங்காயம்னுதான் சொல்லி வச்சிருந்தேன்."

பிரண்டுஷாவுக்கு ஒன்று புலப்பட்டது. அம்மா தன்னை வாழ்நாளில் ஒருமுறைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'மகளே', 'பொண்ணே', கோபம் வந்தால் 'ஏய்'. அக்காக்களை, அண்ணனை எல்லாம் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். கடைக்குட்டி என்பதால் செல்லம் என்று அவள் ஒரு காலத்தில் நினைத்தாள். பிறகு ஒரு காலத்தில், தன்மேல் பிரியம் குறைவு என்று நினைத்து அழுதிருக்கிறாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அதைத்தான் நாப்பது வருஷமா யோசிக்கறேன்" என்றாள் சவேத்தா. "தொப்பியை மடியில வச்சுட்டு என்னைப் பார்த்தாரு. கொஞ்ச நேரம் பார்த்தாரு. ஏதாவது சொல்லுவாருன்னு இருந்தேன். எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணி வச்சாரு."

இலாரியே இறந்து பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. கேட்க முடிந்த இடம் ஒன்றுதான் இருந்தது.

ஈஸ்டர் ஞாயிறன்று பெரிய அக்கா தோம்னிகா ஸ்பெயினிலிருந்து போன் செய்தாள். எண்பத்திமூன்றில் அவளுக்கு ஒன்பது வயது. கவ்ரிலாவின் உடம்பை விசாரித்து முடித்ததும் பிரண்டுஷா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, அம்மா நான் பொறக்கறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில கெடந்தது உனக்கு ஞாபகம் இருக்கா?"

"யாரு சொன்னா உனக்கு?"

"அம்மாவே."

"கிண்ணம் ஏந்தினது நான்தான்டீ. அம்மா வாந்தி எடுக்க எடுக்க நான் கொண்டுபோய்க் கொட்டினேன். மறக்குமா?"

"அப்பா என்ன பண்ணாரு?"

"மலையிலேர்ந்து இறங்கி வந்தாரு. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தாரு. அப்பறம் மம்மட்டியை எடுத்துக்கிட்டு வேலிக்குப் பின்னால இருந்த புல்வெளிக்குப் போனாரு. மூணு நாள் தோண்டினாரு. பூ மொத்தத்தையும் கிழங்கோட எடுத்து சாக்குல கட்டித் தீயில போட்டாரு. பெருச்சாளி தொல்லைன்னு சொன்னாரு. எங்களைப் பக்கத்துலயே விடல. எனக்கு ஒன்பது வயசுதான். ஆனா பெருச்சாளிக்காக யாரும் பூவை எரிக்க மாட்டாங்கன்னு தெரியாதா?"

பிரண்டுஷா போனை வைத்தாள். அப்பாவுக்குத் தெரியும். தெரிந்தே, எந்தப் பூவை வேரோடு தோண்டி எரித்தாரோ, அதன் பெயரை ஏழு மாதம் கழித்துப் பிறந்த குழந்தைக்கு வைத்திருக்கிறார். மலைமேலிருந்து நல்ல பூவைக் கொண்டுவந்து, கெட்டதன்மேல் அதைப் போட்டு மூடினாரா? இல்லை, மனைவி சாகிற வரைக்கும் மறக்கக்கூடாது என்று வைத்தாரா? அப்பா அப்படிப்பட்டவர் இல்லை என்று சொல்லிக்கொண்டாள். அப்பா எப்படிப்பட்டவர் என்று தனக்குத் தெரியுமா என்றும் கேட்டுக்கொண்டாள். அவர் அதிகம் பேசாத மனிதர். ஆனால் மகளைக் கூப்பிடும்போது மட்டும் ஊரே கேட்கிற மாதிரிக் கூப்பிடுவார்.

அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று நாலைந்து நாள் உழன்றாள். கடிதம் கொடுக்கப் போன வீடுகளில் மாற்றிக் கொடுத்துவிட்டுத் திட்டு வாங்கினாள். தெரியாமல் இருப்பதே கிழவிக்கு நிம்மதி என்று ஒரு நாள் தோன்றும். இந்த வீட்டில் இன்னொரு விஷயத்தை யாரும் மென்று முழுங்க வேண்டாம் என்று மறுநாள் தோன்றும். கடைசியில் ஒரு மத்தியானம், அம்மா உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தபோது, எதிரே உட்கார்ந்து சொல்லிவிட்டாள்.

சவேத்தா கத்தியைக் கீழே வைக்கவில்லை. தோல் நீளமாகச் சுருண்டு இறங்கிக்கொண்டே இருந்தது.

"மூணு நாளா?"

"அக்கா அப்படித்தான் சொல்றா."

"நான் வீட்டுக்கு வந்தப்ப மண்ணு கெளறிக் கெடந்துது. உருளைக்கிழங்கு போடப் போறேன்னாரு. போட்டாரு." தோலை ஒதுக்கிவிட்டு, "அப்போ, முற்றத்துல நின்னு உன்னைக் கூப்பிடுவாரே, தொண்டை கிழிய... அது உன்னைக் கூப்பிட்டதா, எனக்குச் சொன்னதா?"

"தெரியலம்மா."

"எனக்கும் தெரியல" என்று சொல்லிவிட்டு அடுத்த கிழங்கை எடுத்தாள். பிரண்டுஷா கத்தியை வாங்கிக்கொண்டாள்.

ஈஸ்டர் முடிந்து மறுவாரத் திங்கட்கிழமை, செத்தவர்களுக்கான ஈஸ்டர். ஊரே சிவப்பு முட்டையும் இனிப்பு ரொட்டியும் திராட்சை மதுவும் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனது. கவ்ரிலா வார்டுக்கு மாற்றப்பட்டுவிட்டான். விஷத்தால் தலைமுடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் உதிர்கிறது என்று காலையில்தான் போனில் புலம்பியிருந்தான். ரஃபிலா அவனுக்குத் துணையாக இருந்தாள். பிரண்டுஷாவிடம் மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் முந்தின நாள் பஸ் ஸ்டாண்டு வரை வந்து, கையில் ஒரு பொட்டலம் ரொட்டியைத் திணித்துவிட்டுப் போனாள்.

இலாரியேயின் கல்லறைமேல் துணி விரித்து, மகள் பலகாரத்தை எடுத்து வைத்தாள். பாதிரியார் பெயர்களைப் படித்துத் தூபம் காட்டிவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தார். அவர் போகும் வரை சவேத்தா பொறுமையாக நின்றாள். பிறகு சிலுவைக்கு எதிரே இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"தெரியும்னா தெரியும்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா? வாய் என்ன அடைச்சா போச்சு? ஏன்டீ இப்படிப் பண்ணேன்னு ஒரு அறை விட்டிருக்கலாமே! அழுதுட்டுப் போயிருப்பேனே! இருபத்திமூணு வருஷம் உனக்கு சூப் ஊத்தினேன். ஒவ்வொரு தடவையும் தெரியுமோ, தெரியாதோன்னு உன் மூஞ்சியப் பார்த்துட்டுத்தான் ஊத்தினேன். மம்மட்டியைத் தூக்கிட்டுப் போனவன் எங்கிட்ட வந்து உக்காந்திருக்கக் கூடாதா?"

"அம்மா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்!"

பக்கத்துக் கல்லறையில் முட்டை உரித்துக்கொண்டிருந்த வியோரிகா மெல்ல எட்டிப் பார்த்தாள். "என்ன, உங்கம்மா பெரியவரை இந்தப் போடு போடுறாங்க?"

"வீட்டு விஷயம்" என்றாள் பிரண்டுஷா. அம்மாவை அடக்க நீட்டிய கையை எடுத்துக்கொண்டாள். பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

சவேத்தா திட்டித் தீர்த்து, மூச்சு வாங்கி, கல்லறையின் விளிம்பில் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மதுக் கோப்பையைக் கேட்டாள். வழக்கப்படி கல்லறைமேல் சிலுவைபோலக் கொஞ்சம் ஊற்றினாள். பாதி ஊற்றியதும் கையை நிறுத்தினாள். மீதியைத் தானே குடித்துவிட்டு, வெறும் கோப்பையை மகளிடம் நீட்டினாள்.

"இன்னைக்கு இவருக்கு இவ்வளவு போதும்" என்றாள். "ரொட்டியை எடு. பசிக்குது."